கப்பலில் எதற்குப் பயப்பட வேண்டும்?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறோம் என்று தெருவில் யாரிடமும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். அன்று சாயங்காலமே வீடு தேடி வந்து டைட்டானிக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "நீச்சல் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அதுவும் நல்லதுதான். தெரிஞ்சா ரொம்ப நேரம் கஷ்டப்படணும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மலாக்கா நீரிணையில் பனிப்பாறை கிடையாது. அந்தப் பக்கத்தில் ஐஸ் இருக்கும் ஒரே இடம் பஃபே ஹாலில் ஜூஸ் மெஷினுக்குப் பக்கத்தில்தான். ஒரு புறம் சுமத்ரா, மறுபுறம் மலேயா, நடுவில் கடல் பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். முதல் தடவை கப்பலேறுகிறவர்கள் பயப்பட வேண்டிய சமாசாரங்கள் வேறே. அவற்றை வைத்து யாரும் சினிமா எடுக்கவில்லை, அதனால் நம்மவர்களுக்கு அவை தெரிவதில்லை.

முதல் பயம் கரையிலேயே ஆரம்பித்துவிடும். சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கப்போகிறோம், நடுவில் வெறும் தண்ணீர்தானே என்று நமக்கு ஒரு நினைப்பு. குடிநுழைவு அதிகாரிக்கு அப்படி இல்லை. கப்பலில் ஏறினால் நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. திரும்பி வந்தால் புதிதாக வந்ததாகக் கணக்கு. ஆகவே விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் மின் வருகை அட்டையை விமானத்தில் வரும்போது ஒரு தடவை, கப்பலில் திரும்பும்போது இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுளாவது பாக்கி இருக்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகிறவை. போன வருஷம் போய்வந்த சகலையின் தம்பி சொன்னான் என்று நம்பிப் போகாதீர்கள். "நாங்க இறங்கவே போறதில்லை, கப்பல்லயே இருந்துக்கறோம்" என்ற வாதமும் கவுண்டரில் எடுபடாது.

பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அது தானாக அறை வாசலுக்கு வந்துசேரும். எப்போது என்பதுதான் கேள்வி. ஆயிரக்கணக்கான பெட்டிகள்; உங்களுடையது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வந்தாலும் ஆச்சரியமில்லை. மாத்திரை, சார்ஜர், மாற்றுத் துணி, நீச்சல் உடை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். பகல் ஒரு மணிக்கே குளத்தில் குதித்துக் கும்மாளம் போடுகிறவர்கள் நீச்சல் உடையைத் தோள்பையில் வைத்தவர்கள். பட்டுப்புடவையோடு குளக்கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் பெட்டியில் வைத்தவர்கள்.

எங்கள் பெட்டிகளில் ஒன்று மட்டும் ராத்திரி ஆகியும் வரவில்லை. மாமியாருடையது. விசாரித்ததில் பாதுகாப்பு அறைக்கு வரச்சொன்னார்கள். தண்ணீரில் மிதந்தாலும் கப்பல்காரர்கள் அதிகம் பயப்படுவது தீயைக் கண்டுதான். சூடாகிற சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது: இஸ்திரிப்பெட்டி, மின்சாரக் கெட்டில், தண்ணீர் காய்ச்சும் ராடு, எல்லாவற்றுக்கும் தடை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். அறையில் ஒரு நேப்பாளி இளைஞர் மரியாதையாகப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு சுங்குடிப் புடவைகளுக்கு நடுவே, துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கிடத்தும் பக்குவத்தோடு ஒரு ரைஸ் குக்கர். அதைத் திறந்தால் உள்ளே முக்கால் படி பொன்னி அரிசி, ஒரு பருப்புப்பொடிப் பாக்கெட், ஒரு டப்பா நிறைய முறுக்கு.

"மேடம், நோ குக்கர்" என்றார் அவர்.

"இது குக்கர் இல்லை தம்பி, ரைஸ் குக்கர். விசில் வராது" என்றார் அத்தை.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். அத்தை விடுவதாக இல்லை. "மாப்பிள்ளை, ஒரு ஆழாக்கு தயிர்சாதத்துக்குக் கப்பல் எரிஞ்சு போயிடுமான்னு கேளுங்க."

கேட்கவில்லை. கடையில் வாங்கி சீல் உடைக்காமல் இருந்ததால் பருப்புப்பொடி தப்பித்தது. வீட்டில் சுட்ட முறுக்கும் அரிசியும் தப்பவில்லை. குக்கருக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். கடைசி நாள் காலையில் அந்த ரசீதோடு போனால், ஒரு மேஜையில் கெட்டில்களும் இஸ்திரிப்பெட்டிகளும் வரிசையாக அடுக்கியிருக்கும். எதிரே கியூவில் ஒரு குஜராத்தித் தாத்தா, இரண்டு சீனப் பாட்டிகள், ஓர் ஆஸ்திரேலியர், எங்கள் அத்தை. யாருக்கும் யார் பாஷையும் தெரியாது. ஆனால் அந்தக் கியூவில் நடந்த சம்பாஷணை அளவுக்கு உற்சாகமானது கப்பலில் வேறெங்கும் நடக்கவில்லை.

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று உண்டு. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான், 1914-இல் கடல் பயணப் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கப்புறமும் வெகுகாலம், புறப்பட்டு 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்றுதான் விதி இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த பல நூறு பேருக்குப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. அதன் பிறகுதான் கிளம்புமுன் அல்லது கிளம்பியவுடன் நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். நமக்கு ஒன்றும் பெரிய வேலையில்லை. அறைக் கதவுக்குப் பின்னால் கூடுமிடத்தின் எண் இருக்கும், அங்கே போய், ஏறும்போது தந்த அட்டையைக் காட்டிவிட்டு வரவேண்டும். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நெட்டைச் சங்கு ஊதினால் அங்கே ஓட வேண்டும், லிஃப்டில் ஏறக்கூடாது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, அதன் பிறகு டைட்டானிக்கை மறந்துவிடலாம்.

அறைகளில் விலை குறைந்தது ஜன்னல் இல்லாத உள் அறை. விளக்கை அணைத்தால் காலை ஒன்பது மணிக்கும் அமாவாசைதான். தூங்கப் பிடிக்கிறவர்களுக்குச் சொர்க்கம். பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதை ஈரத்துணி காயப்போடத்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவும் கூடாது, காற்றில் பறந்துவிடும் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அறை எந்தத் தரமானாலும், எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்கோடியிலும் உச்சியிலும் அதிகம். தலைக்கு மேலே குளத்துத் தளம் வருகிற அறை வேண்டாம். விடிவதற்குள் நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

வாந்தி வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் காலக் கப்பல்களுக்கு நீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இறக்கைகள் உண்டு, பக்கவாட்டு ஆட்டத்தை அவை பெருமளவு அடக்கிவிடும். உடம்பு ஆடுகிறது என்று காது சொல்ல, ஆடவில்லை என்று கண் சொல்ல, இரண்டுக்கும் நடக்கிற தகராறுதான் குமட்டல். மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தால் தகராறு தீரும். மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, குமட்டுவதற்கு முன்பே போட வேண்டும். என் மச்சினன் முன்ஜாக்கிரதையாக முதல் நாளே இரண்டு போட்டுக்கொண்டான். சிங்கப்பூர் கண்ணிலிருந்து மறையும் அழகைப் பார்க்க எல்லோரும் மேலே போனபோது, கட்டியிருந்த டையோடு அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கப்பல் அன்று ஒரு தடவைகூட அசையவில்லை.

குளியலறை பற்றி விளம்பரப் புத்தகங்களில் யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். டாய்லெட்டில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோங்கள். அதை எந்த எக்ஸ்ரேயும் பிடிக்காது. பட்டனை அமுக்கினால் தண்ணீர் கொட்டாது, காற்று உறிஞ்சும். பக்கத்து அறைக்காரர் விழித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு சத்தம் வரும். மூடியைச் சாத்திவிட்டு அமுக்குவது உத்தமம். காகிதத்தைத் தவிர எதையும் உள்ளே போடாதீர்கள், அடைத்துக்கொண்டால் உங்கள் ஓர் அறையோடு போகாது. இன்னொன்று, அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலைந்து கொண்டுபோனால் துண்டு, பை, தொப்பி எல்லாம் மாட்டலாம். ஆணி தேட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். டிக்கெட்டில் சாப்பாடு அடக்கம் என்றவுடன் நம் ஜனங்களுக்கு ஒரு கடமையுணர்ச்சி வந்துவிடுகிறது. கட்டின காசுக்குச் சாப்பிட்டே தீர்ப்பது என்று கங்கணம் கட்டிக்கொள்கிறார்கள். முதல் நாள் மதியம் பஃபே ஹாலில் கல்யாண வீட்டு முதல் பந்திக்கு நடக்கிற அதே யுத்தம் நடக்கும். நாற்காலிக்குப் பின்னால் ஆள் நின்று, நீங்கள் மோர் குடிக்கும் வேகத்தைக் கண்காணிப்பார்கள். இதே நேரத்தில், இரண்டு மூன்று தளம் கீழே, வெள்ளைத் துணி விரித்த பெரிய உணவுக்கூடம் பல கப்பல்களில் திறந்திருக்கும். அங்கேயும் காசு கிடையாது. ஆனால் கோட்டு போட்ட பரிமாறுபவரைப் பார்த்தவுடன் இது பணக்காரர்கள் இடம் என்று நினைத்து நம்மவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். தைரியமாக உட்காருங்கள். இரண்டு சூப் வேண்டுமென்றால் இரண்டு கேளுங்கள், மூன்று இனிப்பு கேட்டாலும் பில் வராது. கூடுதல் காசு வாங்குகிற உணவகங்கள் தனி, அவற்றின் வாசலில் விலைப்பட்டியல் இருக்கும். வாசலில் பட்டியலைப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள்.

சைவக்காரர்கள் முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாதையில் இந்தியப் பயணிகள் நிறையப் போவதால் பருப்பு, சப்பாத்தி, காய்கறி கிடைத்துவிடும். சோறு சந்தேகமில்லாமல் உண்டு. தயிருக்குத்தான் போராட வேண்டும். காலை நேரத்தில் யோகர்ட் என்று ஒரு பாத்திரம் இருக்கும், அதில் புளூபெர்ரி கலக்காத வெள்ளையைத் தேடிப்பிடிக்க வேண்டும். அத்தை அதைச் சோற்றில் விட்டு, தப்பிப் பிழைத்த பருப்புப்பொடியை ஓரமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டதை ஒரு சமையல்காரர் பார்த்துவிட்டார். கோவாக்காரர். மறுநாள் தாளித்த தயிர்சாதமே வந்துவிட்டது. கறிவேப்பிலைக்கு எங்கே போனார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பஃபே வாசலில் ஒருவர் கைச்சுத்திகரிப்புத் திரவத்தோடு நின்று "வாஷி வாஷி" என்று பாடுவார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கப்பலில் வேகமாகப் பரவும் நோரோ வைரஸுக்கு அந்தத் திரவத்தைவிட சோப்பும் தண்ணீரும்தான் சரியான மருந்து. சாப்பிடுமுன் கைகால் அலம்பு என்று வீட்டில் கத்திக் கத்திச் சொன்னார்களே, அதில் காலை விட்டுவிட்டால்கூடப் போதும்.

இனிமேல்தான் நிஜமான பயம். ஏறும்போது ஓர் அட்டை தருவார்கள். அதுதான் சாவி, அதுதான் அடையாளம், அதுதான் பர்ஸ். கப்பலுக்குள் ரொக்கத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. கண்ணுக்குப் பணம் தெரியாததால் செலவும் தெரியாது. காபி மெஷினில் வருவது இலவசம், கடைபோட்டுக் கொடுக்கிற காபிக்குக் காசு. பஃபேயில் தண்ணீர் இலவசம், அறையில் அலங்காரமாக வைத்திருக்கும் பாட்டிலுக்குக் காசு. படிக்கட்டில் நின்றவுடன் போட்டோ எடுப்பது இலவசம், அந்தப் போட்டோ வேண்டுமென்றால் காசு. சேவைக் கட்டணம் என்று பல கப்பல்களில் தலைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறிக்கொண்டு போகும். டெபிட் கார்டைக் கொடுத்து ஏறாதீர்கள். அவர்கள் பிடித்து வைக்கும் பணம் திரும்ப உங்கள் கணக்குக்கு வரப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டு கொடுங்கள், தினமும் கணக்கைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது சட்டைப்பையில் இருக்கும் போன். கரை மறைந்ததும் அது சும்மா இருக்காமல் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நீங்கள் போட்ட ரோமிங் பேக் நடுக்கடலில் செல்லாது. நீங்கள் தூங்கும்போது வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய குட்மார்னிங் ரோஜாப்பூவை அது ரகசியமாக இறக்கி வைக்கும். அந்த ஒரு ரோஜாவின் விலைக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கூடை கூடையாக வாங்கலாம். ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடு. கப்பலில் ஏரோப்ளேன் மோடா என்று மச்சினன் கேட்டான். ஆமாம்.

பினாங்கில் கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஊருக்கு நட்டநடுவே. கப்பல்காரர்களின் சுற்றுலா இங்கே தேவையே இல்லை. கால்நடையாகவே லிட்டில் இந்தியா போய்விடலாம். குவீன் தெருவில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நாசி கண்டார் கடைகளில் குழம்பைத் தமிழிலேயே கேட்டு ஊற்றச்சொல்லலாம். அத்தைக்கு இந்த ஊர் அவருடைய அப்பா வழியாகப் பழக்கம். அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கே வேலைக்கு வந்தவர். 1926-இல் கட்டிய ரஜூலா, சென்னையிலிருந்து நாகை, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் போலப் பயணம். "எங்கப்பாவுக்கு வாஷி வாஷியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றார் அத்தை, துறையில் நின்று எங்கள் கப்பலை அண்ணாந்து பார்த்து. அப்புறம், "குக்கரும் கொண்டுபோகலை" என்று நியாயமாக ஒத்துக்கொண்டார்.

புக்கெட் விவகாரம் வேறே. பட்டோங் கடற்கரைக்கு எதிரே பெரிய கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றுகொள்ளும். சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். டோக்கன் வாங்கி வரிசையில் காத்திருக்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அந்தக் கடற்கரையில்தான் மோதும். கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள், கரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கரையில் உங்கள் போன் தானாக மாறி நாலரை என்று காட்டும்போது கப்பலில் ஐந்தரை. ஐந்தரைக்குள் ஏறச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் இளநீர் பேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்காக நிற்காது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் தனியாகச் சுற்றப்போய்த் தாமதமாக வந்த எட்டுப் பேரை விட்டுவிட்டு ஒரு கப்பல் போயே போய்விட்டது. அவர்கள் அடுத்தடுத்த நாடுகளுக்குத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. கையில் ஒரு பழைய கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்தை வைத்துவிடுங்கள், அதற்கு மாறத் தெரியாது. அத்தை கையில் கட்டியிருந்ததும் பழைய கடிகாரம்தான். ஆனால் அது ராகுகாலத்துக்காக இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி நாளுக்கு ஒரு முன்னேற்பாடு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் இறங்குவார்கள். காலையில் துறைமுகம் வருகிறது என்பதற்காக முற்பகல் விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள், சாயங்காலத்துக்கு மேல் போடுங்கள். பெரிய பெட்டிகளை முந்தின ராத்திரியே அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் எடுத்துக்கொண்டுபோய் மறுநாள் கரையில் கொடுப்பார்கள். இதில் ஒரே ஒரு நிபந்தனை, மறுநாள் உடுத்த வேண்டியதை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தளத்தில் சேலத்துக்காரர் ஒருவர், ஒழுங்கானவர், எல்லாவற்றையும் நேர்த்தியாக மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ராத்திரி பத்து மணிக்கே வாசலில் வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் சட்டை இருந்தது, ஷூ இருந்தது, சாக்ஸ்கூட இருந்தது. கால்சட்டை மட்டும் கரைக்குப் போய்விட்டது. மேலே முழுக்கைச் சட்டை, கீழே நீலக் கட்டம்போட்ட லுங்கி, அதற்குக் கீழே பளபளக்கும் கறுப்பு ஷூ. இந்தக் கோலத்தில் அவர் குடிநுழைவு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் எழுந்து லுங்கியைப் பார்த்தார்.

"பெட்டிய ராத்திரியே வெளிய வச்சிட்டீங்களா அண்ணே?" என்றார், தமிழில்.